எங்கள் உலையில் ஆயுதம் அடிப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சரஸ்வதி பூஜையை ஒட்டி நீங்கள் போட்ட இணைப்பு மலரில் ஒரு துணுக்கு வந்திருந்தது. ஃ என்ற ஆய்த எழுத்துக்கு மூன்று புள்ளி, அந்தக் காலத்துக் கேடயத்திலும் மூன்று குமிழ், ஆகவே ஆய்தம்தான் ஆயுதம் ஆயிற்று, ஆயுத பூஜை என்பதைச் சரியாக எழுதினால் "ஆய்த பூஜை" என்றுதான் எழுத வேண்டும் என்று. அதே நாள் மாவட்டப் பக்கத்தில் "பயங்கர ஆயுதங்களுடன் நின்ற இருவர் கைது" என்று ஒரு செய்தி. என்ன ஆயுதம் என்று கடைசி வரி வரைக்கும் தேடினேன், சொல்லவே இல்லை. துணுக்கை மட்டும் படித்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இரண்டையும் ஒரே நாளில் படித்ததால்தான் இந்தக் கடிதம்.

நான் குலசேகரம் பக்கம் கொல்லுலை வைத்திருப்பவன். அப்பா காலத்திலிருந்து இதே தொழில். வெட்டுகத்தி, பிச்சாத்தி என்கிற சின்னக் கத்தி, மண்வெட்டி, கோடாலி, கதிர் அரிவாள், பனையேறிகளுக்குப் பாளை அரிவாள், இவற்றை அடித்துத்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். பாளை அரிவாள் கேட்டு இப்போது யாரும் வருவதில்லை, அது வேறு சங்கடம். அப்பாவோடு துருத்தி ஊதின நாளிலிருந்து இன்றுவரை எங்கள் உலைக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். "ஒரு ஆயுதம் வேணும்" என்று கேட்டு வந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. எல்லாரும் பொருளின் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள்.

போன மழைக்காலத்தில் என் தம்பி ஆறு வெட்டுகத்திகளைச் சாக்கில் சுற்றி, பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு திங்கள்சந்தைக்குப் புறப்பட்டான். வழியில் வாகனச் சோதனை.

"சாக்குல என்னடே?"

"வெட்டோத்தி சார்." வெட்டுகத்தியை எங்கள் பக்கம் பேச்சில் அப்படித்தான் சொல்வோம்.

அவிழ்த்துப் பார்த்தார்கள். புதிதாகச் சாணை பிடித்தவை, ஆறும் பளபளவென்று கிடக்கின்றன. "இவ்வளவு ஆயுதம் எங்கடே கொண்டு போற?"

"ஆயுதம் இல்ல சார், வெட்டோத்தி."

இதையே ஏழெட்டுத் தடவை சொன்னானாம். ஒரு வேளை "சார், விவசாயக் கருவி" என்று புத்தகத் தமிழில் சொல்லியிருந்தால் சீக்கிரம் விட்டிருப்பார்களோ என்னவோ. ஸ்டேஷனில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். நான் தகவல் தெரிந்து, கரி படிந்த கையோடும் கணக்கு நோட்டோடும் ஓடினேன். அதற்குள் ரோட்டில் போன யாரோ ஒரு புண்ணியவான் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டான். "ஆயுதக் கடத்தல், ஒருவர் சிக்கினார்." தம்பி வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து விழுந்து அழுதது இன்னும் காதில் இருக்கிறது. இந்த விஷயத்தின் முடிவைப் பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் துணுக்குக்கு வருகிறேன்.

ஆயுதம் வடசொல். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யுத் என்ற வேருக்குப் போரிடு என்று பொருள், அதற்கு முன்னால் ஆ என்ற ஒட்டு. எதைக் கொண்டு போரிடுகிறோமோ அது ஆயுதம், அவ்வளவுதான். யுத்தம் இதே வேரில் பிறந்தது. போரிட்டு வெல்ல முடியாத ஊர் அயோத்தி. எதிர்த்துப் போரிடக் கடினமானவன் துரியோதனன், போரில் நிலைகுலையாதவன் யுதிஷ்டிரன். எதிரும் புதிருமாக நின்ற அண்ணன் தம்பிகள் இரண்டு பேர் பெயரிலும் ஒரே வேர்ச்சொல் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். நம் மாவட்டத்தில் மலையாளமும் வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. அவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். யுத்தம் என்று எழுதும்போது வருகிற அந்தக் கனத்த தகரத்தைத்தான் மலையாளத்தில் ஆயுதத்துக்கும் போடுவார்கள். தமிழில் எல்லாத் தகரத்துக்கும் ஒரே எழுத்து என்பதால் நமக்கு அந்தத் தடயம் கண்ணில் படாமல் போய்விட்டது, துணுக்கு எழுதுகிறவர்களுக்கும் வசதியாகப் போய்விட்டது.

சரி, ஆய்தம்? அது வேறு வீட்டுப் பிள்ளை. தொல்காப்பியம் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் இந்த மூன்றையும் சேர்த்து "முப்பாற்புள்ளி" என்று சொல்கிறது. அதே தொல்காப்பியம் உரியியலில் "ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய்" என்ற நான்கும் "உள்ளதன் நுணுக்கம்" என்கிறது. அதாவது ஆய்தல் என்றால் இருப்பது மெலிந்து நுணுகிப் போவது. கஃசு, அஃது என்று சொல்லிப் பாருங்கள், தொண்டையில் ஒரு மெல்லிய காற்றுத்தான். நுணுகிப்போன ஓசைக்கு ஆய்தம் என்று பெயர் வந்தது பொருத்தமாகத்தான் இருக்கிறது, அதற்குக் கேடயமும் வேண்டாம், குமிழும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் "ஆயுத எழுத்து" என்று சொல்லிக் கொடுத்த வாத்தியார்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, பிள்ளைகளுக்கு ஞாபகம் நிற்கும் என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் பத்திரிகையில் அதையே ஆராய்ச்சி மாதிரி போட்டால் எப்படி? இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆய்த எழுத்துக்குள் ஆயுதம் இல்லையே தவிர, எஃகு என்ற சொல்லுக்குள் ஆய்த எழுத்து இருக்கிறது. எஃகு என்றால் இரும்பில் உயர்ந்த வகை மட்டுமில்லை, கூரிய படைக்கலத்துக்கும் அதுதான் பெயர். "செய்க பொருளைச் செறுநர் செருக்கறுக்கும் எஃகதனிற் கூரியது இல்" என்கிறார் வள்ளுவர், பகைவன் திமிரை அறுக்கப் பணத்தைவிடக் கூர்மையான ஆயுதம் இல்லை என்று.

வாட்ஸ்அப்பில் இன்னொன்றும் சுற்றுகிறது. ஆயுளை எடுப்பதால் ஆயுதமாம். ஆயுள் வேறு சொல், ஆயுர்வேதத்தில் வருவது அது. அடுத்த மலரில் அது உங்களுக்கு வந்து சேருவதற்குள் சொல்லி வைக்கிறேன்.

இந்தச் சொல் வருவதற்கு முன்னால் தமிழில் என்ன சொன்னார்கள் என்பதுதான் எனக்கு ருசியான விஷயம். படை என்றார்கள், படைக்கலம் என்றார்கள். இன்றைக்குப் படை என்றால் ஆள்கூட்டம், சேனை. பழைய தமிழில் ஆளுக்கும் படை, ஆள் கையில் இருக்கிற பொருளுக்கும் படை. "தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்" என்ற குறளில் ஒடுங்கிக் கிடப்பது ஆயுதம், கும்பிடுகிற கைக்குள் சேனையா ஒளிந்திருக்கும்! "படைகொண்டார் நெஞ்சம்போல்" என்பதும் அப்படியே, ஆயுதத்தைக் கையில் எடுத்தவன் மனசைச் சொல்கிறது. குழந்தைகளுக்குக் கட்டின ஐம்படைத் தாலியில் திருமாலின் ஐந்து படைகளும் சின்னச் சின்னதாக இருக்கும், சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில். வடமொழியில் பஞ்சாயுதம் என்பது இதுதான். சங்கை வைத்து யாரையும் வெட்ட முடியாது, குத்த முடியாது. இருந்தாலும் போர்க்களத்தில் முழங்குகிற பொருள், எதிரியின் குலை நடுங்க வைக்கிற பொருள், அதனால் அதுவும் படை. பொருளுக்குக் கூர் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. போரில் அதற்கு ஒரு வேலை இருந்தது, அது போதும்.

அப்புறம், நாகர்கோவிலில் ஆயுதப்படை மைதானம் இருக்கிறதே, அந்தப் பெயரைப் பழந்தமிழ்க்காரர் ஒருவர் காதில் போட்டால் "ஆயுத ஆயுத மைதானம்" என்றும் கேட்கும். நடு சென்டர் மாதிரி.

படைக்கு இன்னொரு பொருளும் உண்டு, அதுதான் என்னைப் போன்றவனுக்கு முக்கியம். புறநானூற்றில் 35ஆவது பாட்டு. வெள்ளைக்குடி நாகனார் என்ற புலவர், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனிடம் போய், நிலவரி பாக்கியைத் தள்ளுபடி செய்யும்படி கேட்டுப் பாடியது. தள்ளுபடியும் வாங்கிவிட்டார், அந்தத் திறமை நம்மிடம் இல்லை. அதில் சொல்கிறார், "பொருபடை தரூஉங் கொற்றமும் உழுபடை ஊன்றுசால் மருங்கின் ஈன்றதன் பயனே". பொருபடை போருக்கானது. உழுபடை கலப்பை. ராஜாவே, உன் ஆயுதம் வாங்கித் தருகிற வெற்றியெல்லாம் உழவன் கலப்பை உழுத சாலில் விளைந்தது என்று நேருக்கு நேர் சொல்கிறார். நான் பாட்டின் அழகைச் சொல்ல வரவில்லை. இரண்டும் படைதான். முன்னால் ஒரு சொல்லைப் போட்டு, எந்தப் படை, பொருகிறதா, உழுகிறதா என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். இன்றும் ஏர் உழுத கோட்டுக்குப் படைச்சால் என்று சொல்கிற வழக்கம் இருக்கிறது.

எங்கள் ஆட்கள் வருகிற பாட்டையும் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. "வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே" என்பது மேடையில் எல்லாரும் சொல்வது. எனக்குப் பிடித்தது அதே புறநானூற்றில் 95ஆவது பாட்டு. தொண்டைமான் என்ற அரசன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டிப் பெருமை அடிக்கிறான், ஔவையார் பார்க்கிறார். இவையெல்லாம் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவலுள்ள வீட்டில் இருக்கின்றன, அங்கே என் அரசன் அதியமானுடையவோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து "கொல்துறைக் குற்றில" என்கிறார். கொல்லனின் சின்னக் கொட்டகையில் கிடக்கின்றனவாம். இந்த இடம் வரைக்கும் ஆயுதம், படை, வேல் என்று எந்தப் பெயரும் சொல்லவில்லை, பாட்டின் கடைசிச் சொல்லாகத்தான் வேல் வருகிறது, கவனித்தீர்களா? "இவ்வே", "அவ்வே", இவை, அவை, அவ்வளவுதான். அலங்காரம் பண்ணி வைத்தது எது, வேலை பார்த்துத் தேய்ந்தது எது என்று கேட்பவனுக்குப் புரிந்துவிடுகிறது. என் உலைக்கு வருகிற வெட்டுகத்தியைப் பார்த்தாலே தெரியும், தென்னை ஓலை வெட்டினதா, விறகு கீறினதா, வீட்டில் சும்மா சாத்தி வைத்துத் துருப்பிடித்ததா என்று.

பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து நவராத்திரிக்குத் தேவாரக்கட்டு சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் போவதையும், புறப்படுவதற்கு முன்னால் மன்னரின் உடைவாளைக் கை மாற்றுவதையும் நம் மாவட்டத்தில் பார்க்காதவர் குறைவு. அது ராஜா வீட்டு ஆயுத பூஜைக்குச் சேர்ந்தது. எங்கள் உலையில் சம்மட்டி, குறடு, இரும்பை வைத்து அடிக்கிற அடைகல், சாணைக்கல் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்து அன்றைக்கு ஒரு நாள் தீ மூட்டாமல் இருப்போம். பஸ்காரர் பஸ்ஸுக்கு வைக்கிறார், தையல்காரர் மெஷினுக்கு வைக்கிறார். யுத்தத்தில் பிறந்த சொல் இங்கே வந்து சேரும்போது தையல் மெஷின் வரைக்கும் இறங்கிவிட்டது. பொருபடைக்கு மட்டும் இருந்த சொல்லை உழுபடைக்கும் ஜனங்கள் இழுத்துக்கொண்டார்கள். மலையாளத்தில் கொத்தனார், ஆசாரி கையில் இருக்கிற சாமான்களுக்குப் பணியாயுதம் என்றே பெயர். வெட்டு, கத்தி என்பதெல்லாம் கொலை மட்டும்தான் என்று நினைப்பவர்கள், அதே மலையாளத்தில் ஆப்பரேஷனுக்கு என்ன பெயர் என்று திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குப் போய்வந்த யாரிடமும் கேட்கலாம். சஸ்திரக்ரியை. சஸ்திரம் என்றால் வெட்டுகிற ஆயுதம், எறிகிற ஆயுதம் அஸ்திரம். இலங்கைத் தமிழர் சத்திரசிகிச்சை என்று சொல்வதும் இதே சொல்லை வைத்துத்தான்.

இந்தப் பக்கம் இப்படி. மறுபக்கம் போர்க்கருவியே அல்லாதது ஒரு நாளைக்குப் போர்க்கருவி ஆவதும் நடந்திருக்கிறது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்டவர்மா படை தோற்கடித்த கதையில், பனந்தடியை மாட்டுவண்டியில் ஏற்றிப் பீரங்கி மாதிரி காட்டினார்கள், மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்துத் துப்பாக்கி மாதிரி வரிசையில் நின்றார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். கதையோ நிஜமோ, சொல்கிறவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. துடுப்பு அன்றைக்கு ஒரு காலை மட்டும் ஆயுதம், மறுநாள் மறுபடியும் துடுப்பு. அந்தப் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் பிற்பாடு திருவிதாங்கூருக்கே தளபதியாகி, உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கிற உலை நடந்தது. அது ஆயுத உலை, ஒத்துக்கொள்கிறேன். எங்களுடையது அது இல்லை.

நான் சொல்வது வெறும் சொல் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள், சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்றால் என்ன என்று எழுதியிருக்கிறார்கள். தாக்கவோ தற்காக்கவோ என்று வடிவமைத்த அல்லது அதற்கென்று மாற்றிய பொருள்கள், துப்பாக்கி, கூரான விளிம்பு உள்ள ஆயுதங்கள் எல்லாம் அதில் வரும். வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டும் என்று செய்த பொருள்கள் வராது, லத்திக் கம்பும் சாதாரண கைத்தடியும்கூட வராது என்று அதே வரியில் விலக்கியிருக்கிறது. விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி, வாள் என்று ஒரு கணக்கு உண்டு, அங்கேயும் வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. அதே வெட்டுகத்தியை எடுத்து ஒருவன் இன்னொருவனை வெட்டினால்? அது வேறு. அப்போது குற்றச் சட்டம் வரும், அதிலும் "ஆயுதமாகப் பயன்படுத்தினால்" உயிர் போகக்கூடிய கருவி என்றுதான் வாசகம். பொருளைச் செய்தவன் என்ன நினைத்தான், வைத்திருந்தவன் என்ன செய்தான், இந்த இரண்டையும் சட்டம் கேட்கிறது. சங்கைப் படை என்று சொன்ன பழந்தமிழும் இதைத்தான் கேட்டது. உங்கள் செய்தி மட்டும் இரண்டையும் கேட்பதில்லை.

அந்தக் கைதுச் செய்தியில் வந்த இருவர் யோக்கியர்கள் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அவர்களைத் தெரியாது. அவர்கள் கையில் இருந்தது என்ன என்று எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். அரிவாளா, இரும்புக் கம்பியா, கிரிக்கெட் மட்டையா? "பயங்கர ஆயுதம்" என்பது போலீஸ் குறிப்பில் வருகிற வாசகம், அவர்களுக்கு ஒரு படிவம், நிரப்புகிறார்கள். பத்திரிகைக்காரர் அதை அப்படியே தூக்கிப் போட வேண்டிய கட்டாயம் என்ன? விடியற்காலை நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவன் இடுப்பிலும் கத்திதான் இருக்கிறது. தேங்காய் வெட்டப் போகிறவன் சைக்கிளிலும் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் கூரான இரும்பு இல்லாமல் வயிறு நிறைகிற வீடு எத்தனை இருக்கும்? நீங்கள் திரும்பத் திரும்ப அந்த வாசகத்தைப் போட்டால், சாக்கு மூட்டையில் இரும்பு தெரிகிற ஒவ்வொருவனும் ஜனங்கள் கண்ணுக்குக் கொலைகாரன் ஆகிறான். என் தம்பி ஆனான்.

அந்த விஷயத்தின் முடிவு இதுதான். மத்தியானம் போல் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். ஆறில் ஒன்றைக் கையில் எடுத்தார், முதுகைப் பார்த்தார், நகத்தால் சுண்டி ஓசையைக் கேட்டார். விவசாயக் குடும்பத்து ஆள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. "லாரிப் பட்டையா?" என்று கேட்டார். ஆமாம் சார், லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது, சிரட்டைக்கரியில் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தது என்றேன். கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "வீட்ல ஓலை வெட்ட ஒண்ணு வேணும், என்ன விலை?" என்றார். வேண்டாம் சார் என்றேன், விடவில்லை, காசு கொடுத்துத்தான் எடுத்துக்கொண்டார். மீதி ஐந்தையும் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தோம். சந்தை அதற்குள் கலைந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் "ஆயுதக் கடத்தல்" என்று போட்டவன் "வெட்டோத்தி வியாபாரி விடுவிப்பு" என்று போடவில்லை. ஊரில் இன்றும் சிலர் தம்பியைக் கண்டால் "என்ன மக்கா, ஆயுதம் உண்டுமா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அவனும் சிரிக்கத்தான் செய்கிறான், ஆனால் இப்போது சந்தைக்கு ஆட்டோ பிடித்துத்தான் போகிறான், ஆட்டோ கூலி போக மிஞ்சுவது குறைவு.

இதைப் பிரசுரிக்கும்போது நீளம் என்று சுருக்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. தொல்காப்பியத்தைக்கூட வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் வெட்டுகத்தி என்று நான் எழுதிய இடத்தில் எல்லாருக்கும் புரியட்டும் என்று அரிவாள் எனத் திருத்திவிடாதீர்கள். வெட்டுகத்திக்கு முதுகு கனம், நுனியில் மட்டும் சின்ன வளைவு. கதிர் அரிவாள் மெலிசு, உடம்பு முழுக்க வளைவு, சிலதுக்குப் பல்லும் உண்டு. அதை எடுத்துக்கொண்டு ஒருவன் தென்னையில் ஏறினால் ஒரு மட்டை விழுவதற்குள் கத்தி மடங்கிவிடும், அப்புறம் என் உலைக்குத்தான் சண்டைக்கு வருவான்.

இப்படிக்கு,
ஒரு கொல்லுலைக்காரன்,
குலசேகரம் அருகே, கன்னியாகுமரி மாவட்டம்.